ஏஞ்சல் மீனுக்கு எதற்குக் கோட்டை?

கேள்வி: திருவட்டார் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்வந்த மிச்ச நேரத்தில் வண்ணமீன் வளர்க்கிறேன். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டியில் 14 வளர்ந்த ஏஞ்சல் மீன்கள். தொட்டி வெறுமையாக இருந்தால் மீன் மிரளும் என்று கடைக்காரர் சொன்னதால் 10 கிலோ கலர் கல்லும் பெயின்ட் அடித்த ஒரு கோட்டையும் வாங்கினேன். முட்டம் கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளும் ஒரு வெள்ளைப் பவளத் துண்டும் போட்டேன். 15 நாளில் 3 மீன் செத்துவிட்டது. மற்றவை மேலே வந்து வாயைத் திறக்கின்றன, மூலையில் ஒடுங்குகின்றன, சிலவற்றுக்கு வால் கிழிந்திருக்கிறது. பெயின்ட்தான் விஷமா? ஒளிந்துகொள்ள வேறு என்ன வாங்கிப் போடலாம் ஐயா? கடையில் ஒரு நீல மருந்தும் தந்தார்கள், ஊற்றட்டுமா?

பதில்: தம்பி, பெயின்ட்டைச் சோதிக்க என்னிடம் வர வேண்டாம். கோட்டையை ஒரு நாள் வெந்நீரில் ஊறப்போட்டு, வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் குப்பைக்கு. ஒட்டாவிட்டாலும் எனக்கு அதில் பிரியமில்லை. உள்ளே கூடாக இருப்பதால் தண்ணீர் ஓட்டம் இல்லாமல் தீனி போய்த் தங்கி அழுகும்.

ஆனால் என் சந்தேகம் முதலில் சிப்பிமேல்தான். சிப்பியும் பவளமும் சுண்ணாம்பு. உங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும் என்றால் அது மென்னீர். அதில் சுண்ணாம்பு கரைந்து பி.எச். ஏறும், அதாவது தண்ணீரின் காரத்தன்மை கூடும். மோலி மீன் இதைத் தாங்கும், சொல்லப்போனால் விரும்பும். ஏஞ்சல் அப்படியில்லை. அதைவிட மோசம், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா. பி.எச். 7-இல் அதில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. 8 ஆனால் அந்த நச்சுப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். நேற்றுவரை தாங்கிய அதே அழுக்கு இன்று செவுளைச் சுடும். உங்கள் தொட்டி ஏறக்குறைய 125 லிட்டர். அதில் 14 வளர்ந்த ஏஞ்சல் என்பதே நெரிசல். போதாததற்கு 10 கிலோ கல்லுக்கடியில் தீனி வேறு புதைகிறது.

சிப்பியையும் பவளத்தையும் இன்றே எடுங்கள். பவளத்தைத் தொட்டியில் மட்டுமல்ல, வீட்டிலும் வைக்காதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பொருள் அது, செத்துக் கரை ஒதுங்கியதானாலும் வம்புதான். கலர் கல்லை ஒரே நாளில் அள்ளாதீர்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்கள் அதிலும் ஒட்டியிருக்கும். வாரத்துக்குப் பாதி என்று எடுத்தால் போதும். தினமும் கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள், இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள், காற்றுக்குழாயை இரவிலும் ஓடவிடுங்கள்.

சரி, வால் கிழிந்த விஷயம். அலங்காரத்தின் கூர்முனையில் கிழிந்தது என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. என்ன வாங்கலாம் என்று கேட்பதற்கு முன், யாருக்குப் பயந்து ஒளிகிறது என்று கேட்டிருக்க வேண்டும். விளக்கைப் போட்டு அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு மீன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விரட்டினால் ஜோடி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் 9 விருந்தாளி மாதிரிதான். ஆயிரம் ரூபாய்க்குக் கோட்டை வாங்கினாலும் அடி நிற்காது. ஜோடியைத் தனித் தொட்டிக்கு மாற்றுவதுதான் வழி.

ஏஞ்சல் குகைக்குள் நுழையும் மீனும் அல்ல. அமேசான் பக்கம் நெட்டுக்குத்தாக நிற்கும் வேர்களுக்கும் தண்டுகளுக்கும் நடுவே நழுவித் திரிந்த மீன். அதனால்தான் உடம்பே தட்டையாக இருக்கிறது. அதற்கு வேண்டியது நிற்கும் மறைப்பு. இங்கேதான் நான் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கும் விஷயம் வருகிறது: பழைய ஓடு. கூரை பிரித்த ஓட்டு வீட்டு முற்றங்களில் சும்மா கிடக்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சுட்ட மண், சாயமில்லை, கரைவதில்லை. நாலு விரல் அகலம், ஒரு சாண் உயரத்துக்கு உடைத்து, முனைகளைக் கருங்கல்லில் தேய்த்து மழுக்குங்கள். பாசியைத் தேங்காய்த் தும்பு வைத்து உரசி, கொதிநீர் ஊற்றி, மூன்று நாள் தண்ணீர் மாற்றி ஊறவையுங்கள். முகட்டு ஓடு வேண்டாம், சுண்ணாம்பும் சிமெண்டும் ஒட்டியிருக்கும். சந்தேகமென்றால் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் தள்ளுங்கள். மூன்று நான்கு துண்டுகளைச் சற்றுச் சாய்த்து, ஒன்றையொன்று மறைக்கும்படி நிறுத்துங்கள். பின்னால் போகும் மீன் மறுபக்கம் வெளியே வர வழி வேண்டும். ஒற்றை வாசல் மறைவிடம் பொறிதான், துரத்தும் மீன் அங்கேயே வைத்து அடிக்கும்.

ஜோடிக்கும் இதே ஓடுதான் பிரசவ அறை. சாய்ந்த முகத்தில் முட்டையை வரிசையாக ஒட்டும். இரண்டு மூன்று நாளில் பொரிந்து, ஒரு வாரம் வாக்கில் குஞ்சு நீந்தும். அந்தத் தொட்டியின் அடியில் கல்லே போடாதீர்கள். மிச்சத் தீனி கண்ணில் பட்டால்தான் உறிஞ்சி எடுக்க முடியும். வெறும் அடித்தொட்டி மீனை மிரட்டும் என்று சொல்கிற கடைக்காரருக்குக் கல் விற்க வேண்டும், வேறொன்றுமில்லை.

சிரட்டை கேட்பீர்கள். குகை தேடும் மீனுக்கு அருமையான பொருள்; தேங்காய்த் துணுக்கு துளியும் இல்லாமல் சுரண்டி, தண்ணீர் நிறம் மாறாத வரை திரும்பத் திரும்ப வேகவைக்க வேண்டும். ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது ரப்பர் பால் பிடித்த சிரட்டையாக இருக்கும். ஒட்டுப்பால் (உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) உரித்த சிரட்டையை எவ்வளவு வேகவைத்தாலும் தொட்டிக்குள் விடாதீர்கள்.

நீல மருந்தின் மூடியைத் திறக்க வேண்டாம். இது நோயல்ல, தண்ணீர்க் கோளாறு. அந்த மருந்து தண்ணீரைக் காக்கும் நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கெடுக்கும். பில் இருந்தால் திருப்பிக் கொடுத்து, அந்தக் காசுக்கு ஒரு அமோனியா டெஸ்ட் கிட் கேளுங்கள்.