லைக்லி லெட்டர் வரவில்லை என்றால் இடம் இல்லை என்று அர்த்தமா?

வணக்கம். மகளின் தோழிக்கு பிப்ரவரியில் ஒரு ஐவி லீக் கல்லூரியிலிருந்து (ஹார்வர்டு, யேல் போன்ற அமெரிக்கக் கல்லூரிகளில் ஒன்று) லைக்லி லெட்டர், அதாவது இடம் கிடைக்கும் என்று முடிவு வருவதற்கு முன்பே கோடிகாட்டும் கடிதம், வந்துவிட்டது, அதே கல்லூரிக்கு விண்ணப்பித்த உங்கள் மகளுக்கு வரவில்லை, அதனால் அவள் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை.

முதலில் ஒன்று: வராததை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளவே வேண்டாம். அங்கே இடம் கிடைக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கடிதம் வருவதே கிடையாது. பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்களுக்குத்தான் அது அதிகம் போகிறது. மற்றவர்களில், வேறு கல்லூரிக்குப் போய்விடக் கூடாதே என்று நினைக்கும் ஒரு சிலருக்கு அனுப்புவார்கள். வந்தவர்களுக்கு அது கிட்டத்தட்ட உறுதிதான். மதிப்பெண் சரிந்தாலோ ஒழுங்குப் பிரச்சினை வந்தாலோ தவிர மாற்ற மாட்டார்கள்.

அப்புறம், உதவித்தொகைக்கு வருமான வரிப் படிவம் கேட்டு மின்னஞ்சல் வந்ததை நல்ல அறிகுறியா என்று கேட்டீர்கள். இல்லை, உதவி கேட்ட எல்லோரிடமும் கேட்பார்கள். ஆனால் கெடு தவறாமல் அனுப்பிவிடுங்கள், அது முக்கியம். கல்லூரியின் முன்னாள் மாணவர் ஒருவர் விண்ணப்பித்தவர்களைச் சந்தித்துப் பேசும் நேர்காணலும் அப்படித்தான், பெரும்பாலும் உங்கள் பகுதியில் அப்படி ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

என் மகனுக்கும் எந்தக் கடிதமும் வரவில்லை. மார்ச் கடைசியில் முடிவு வரும் அன்று மாலை ஏழு மணிக்கு, சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்தவன் கை நடுங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. இடம் கிடைத்திருந்தது.

மகளிடம் இதைச் சொல்லுங்கள். இன்று ராத்திரியே சொல்லுங்கள்.