மலை முகம் விழுந்துடுச்சு, காசு விலை ஏறுமா?

பெரம்பூர் வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "சார், அமெரிக்காவுல இருக்கற அக்கா பையன் சில்லறையோட ஒரு கால் டாலர் காசு குடுத்தான், அதுல பாறையில மனுஷன் முகம் மாதிரி இருக்கு, 2000னு போட்டிருக்கு. அந்தப் பாறை இப்ப இல்லையாம், அதனால ரொம்ப அபூர்வம்னு சொல்லி ஒருத்தர் இதே காசை 4,000 ரூபாய்க்கு தர்றேங்கறார். வாங்கலாமா? என்கிட்ட இருக்கறத டூத்பேஸ்ட் போட்டு பளபளன்னு வச்சிருக்கேன்."

வாங்காதீங்க சார். டூத்பேஸ்ட்டுக்கு அப்புறம் வர்றேன்.

பாறை கதை நிஜம்தான். அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துல கேனன் மலையில அஞ்சு கிரானைட் அடுக்கு சேர்ந்து பக்கவாட்டுல பாத்தா ஒரு கிழவர் முகம் மாதிரி தெரியும், சுமார் 40 அடி உயரம். விரிசல்ல தண்ணி இறங்கி குளிர்ல உறைஞ்சு விரியும், உருகும், திரும்ப உறையும், இப்படியே பாறை கழண்டுக்கிட்டு வந்தது. 1920கள்லயே சங்கிலி போட்டாங்க, அப்புறம் சிமென்ட், இரும்புக் கம்பின்னு என்னென்னமோ பண்ணியும் 2003 மே 3ம் தேதி மொத்தமா சரிஞ்சிடுச்சு. காசு வந்தது அதுக்கு மூணு வருஷம் முன்னாடி.

ஆனா பாறை விழுந்ததுனால காசு குறைஞ்சு போகல பாருங்க. அந்த டிசைன்ல சாதாரண காசு மட்டும் 110 கோடிக்கு மேல அடிச்சிருக்காங்க, இந்தியாவுல ஆளுக்கு ஒண்ணு குடுத்தா முக்கால்வாசிப் பேருக்கு கிடைக்கும். இதுவே 2020ல வெஸ்ட் பாயின்ட் நாணய ஆலையில W எழுத்தோட அடிச்ச, தேசியப் பூங்கா படம் போட்ட கால் டாலர் காசுங்க டிசைனுக்கு வெறும் 20 லட்சம்தான், அதைத் தேடறதுல அர்த்தம் இருக்கு. எத்தனை அடிச்சாங்க, எந்த நிலையில இருக்கு, காசுல இதைத்தான் பாக்கணும், படத்துல இருக்கறது இருக்கா இடிஞ்சதாங்கறது இல்ல.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு, வெள்ளி ப்ரூஃப், அதாவது காசு சேகரிக்கறவங்களுக்குன்னே வெள்ளியில தனியா பளபளன்னு அடிச்சது. காசோட மறுபக்கம் இருக்கற வாஷிங்டன் தலையில, பின்னலுக்குப் பின்னாடி எந்த ஆலையில அடிச்சதுன்னு சொல்ற சின்ன எழுத்தைப் பாருங்க, P, D இருந்தா சாதா காசு. S இருந்தாலும் உடனே சந்தோஷப்படாதீங்க, S-லயே வெள்ளி இல்லாததும் உண்டு. விளிம்பைத் திருப்பிப் பாருங்க, நடுவுல செம்பு கலர் கோடு ஓடுச்சுன்னா வெள்ளி இல்ல. நம்ம சவுகார்பேட்டை தராசுல போட்டா சாதா காசு 5.67 கிராம், வெள்ளி 6.25 கிராம், அதுல 90 சதவீதம் வெள்ளி, அன்னிக்கு வெள்ளி விலையை வச்சு நீங்களே கணக்கு போட்டுக்கலாம். காந்தம் வச்சு பாக்காதீங்க, ரெண்டுமே ஒட்டாது. தங்க முலாம் பூசினது, கலர் அடிச்சது எல்லாம் வெளியாளுங்க பண்ற வேலை, அதைத் தொடவே தொடாதீங்க.

இப்ப டூத்பேஸ்ட். போனது போகட்டும், இனி புளி, சபீனா, விபூதி எதுவும் வேணாம், தேய்ச்ச காசை காசு சேகரிக்கற எவரும் ஒரே பார்வையில கண்டுபிடிச்சிடுவார். நம்ம ஊர் கடல் காத்துக்கும் புழுக்கத்துக்கும் மெத்துனு இருக்கற பிவிசி கவர் ரொம்ப மோசம், கொஞ்ச வருஷத்துல பச்சையா பிசுபிசுன்னு கசியும். காசுக்குன்னே வர்ற கெட்டி பிளாஸ்டிக் கேப்ஸ்யூல்ல போட்டு, டப்பாக்குள்ள ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைங்க.

அந்த 4,000 ரூபாய் ஆள்கிட்ட விளிம்பைக் காட்டுங்கன்னு மட்டும் கேட்டுப் பாருங்களேன்.