வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றலாமா? கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் வீட்டுக் கடன் ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனத்தில் இருக்கிறது. பாக்கி 30 லட்சம், இன்னும் 15 வருடம், வட்டி 9.5 சதவீதம். ரெப்போ வட்டி (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) இத்தனை முறை குறைந்தும் எங்களுக்குப் பெரிதாகக் குறையவில்லை. ஒரு வங்கி 8 சதவீதத்துக்குத் தருகிறது. மாறலாமா?

முதலில் ஏன் குறையவில்லை என்று பார்த்துவிடுவோம். 2025 பிப்ரவரி தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ, அந்த டிசம்பருக்குள் 5.25-க்கு வந்தது. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் ஃப்ளோட்டிங் (ஏறி இறங்கும்) வட்டி வீட்டுக் கடன் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும். ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. அவர்கள் தாங்களே நிர்ணயிக்கும் பி.எல்.ஆர். (பிரைம் லெண்டிங் ரேட்) என்ற அடிப்படை விகிதத்தை வைத்துத்தான் வட்டி போடுகிறார்கள். புதிதாக வருகிறவருக்கு ஒரு வட்டி, பழைய வாடிக்கையாளருக்கு ஒரு வட்டி என்பது அங்கே சகஜம்.

அதனால் வங்கி மாற முடிவெடுப்பதற்கு முன், இப்போதைய நிறுவனத்துக்கு எழுத்து மூலமாகக் கேளுங்கள்: “இன்று புதிதாக வருகிறவருக்கு என்ன வட்டி? அதற்கு மாற என்ன கட்டணம்?” மற்ற வங்கியின் ஆஃபர் கடிதத்தையும் கூடவே இணையுங்கள். வெறும் வாய்ப்பேச்சுக்கு இறங்காதவர்கள் அந்தக் கடிதத்தைப் பார்த்தால் இறங்குவது உண்டு.

இப்போது கணக்கு. 30 லட்சம், 180 மாதம், 9.5 சதவீதம் என்றால் இ.எம்.ஐ. ஏறக்குறைய 31,327 ரூபாய். 8 சதவீதத்தில் 28,670. மாதம் 2,657 மிச்சம். மாறுகிற செலவு என்ன? தமிழ்நாட்டில் பத்திர ஒப்படைப்பு ஆவணத்துக்கு (எம்.ஓ.டி.) முத்திரைத் தீர்வை கடன் தொகையில் அரை சதவீதம், உச்சவரம்பு 30,000, பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், உச்சவரம்பு 6,000. உங்கள் கடனுக்கு 15,000-மும் 6,000-மும் சேர்ந்து 21,000. பிராசசிங் ஃபீஸ் 10,000 என்றால் ஜி.எஸ்.டி.யோடு 11,800. லீகல், வேல்யுவேஷன், அலைச்சல் எல்லாம் சேர்த்து 40,000 என்று வையுங்கள். பதினைந்து பதினாறு மாதத்தில் செலவு திரும்பிவிடும். மாறலாம்.

இதுவே பழைய நிறுவனம் சிறிய கட்டணத்தில் 8.25-க்கு இறங்கி வந்தால்? அப்போது 8-க்கும் 8.25-க்கும் வித்தியாசம் மாதம் 435 ரூபாய்தான். அதற்காக 40,000 செலவழித்தால் போட்ட பணம் திரும்ப ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். இருந்த இடத்திலேயே இருந்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய பொறி கால அளவில் இருக்கிறது. புது வங்கி, “சார், 20 வருஷம் போட்டுத் தருகிறோம், இ.எம்.ஐ. 25,093-தான்” என்று சொல்லும். மாதம் ஆறாயிரத்துக்கு மேல் குறைகிறதே என்று மனசு தாவும். 240 மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்: 60.22 லட்சம். மாறாமலே 9.5-இல் கட்டி முடித்தால் ஆகும் மொத்தம் 56.39 லட்சம். வட்டி ஒன்றரை சதவீதம் குறைந்தும் 3.83 லட்சம் கூடுதலாகக் கட்டுகிறீர்கள்! 8 சதவீதத்துக்கு மாறிவிட்டு, பழைய இ.எம்.ஐ. 31,327-ஐயே தொடர்ந்து கட்டினால் ஏறக்குறைய 153 மாதத்தில் கடன் முடிகிறது. மொத்த மிச்சம் 8.4 லட்சத்தைத் தொடும். எங்கள் சிபாரிசு இதுதான். விண்ணப்பத்திலேயே கால அளவை 153 மாதம் என்று எழுதிக் கேளுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கேள்வி: மாற்றும்போது எங்கே சிக்கல் வரும்? பழைய நிறுவனம் அபராதம் கேட்குமா?

தனிநபர் ஃப்ளோட்டிங் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக் கூடாது. வேறு வங்கி அடைத்தாலும் அதே விதிதான். ஃபிக்ஸட் (மாறாத) வட்டி என்றால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

பழைய இடத்தில் வாங்க வேண்டியவை: கடன் முடிப்புக் கடிதம், அவர்களிடம் இருக்கும் அசல் ஆவணங்களின் பட்டியல், கடந்த 12 மாதக் கணக்கு அறிக்கை, சாங்ஷன் லெட்டர் (கடன் அனுமதிக் கடிதம்). ஆவணப் பட்டியலை வரி வரியாகப் பாருங்கள். மூலப்பத்திரம் “நகல்” என்று இருந்தால் அங்கேயே கேளுங்கள். புது வங்கியின் வக்கீல் அசல்தான் கேட்பார்.

கடன் முடிப்புக் கடிதத்தில் பாக்கித் தொகைக்குக் கீழே சின்ன எழுத்தில் “தேதி வரை”, “ஒரு நாள் வட்டி” என்று இரண்டு விஷயம் இருக்கும். 30 லட்சத்துக்கு 9.5 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி சுமார் 780 ரூபாய். புது வங்கியின் காசோலை எட்டு நாள் தாமதமாகப் போனால் ஆறாயிரம் ரூபாய் குறையும். அந்தப் பற்றாக்குறைக்காகக் கணக்கை முடிக்காமல் வைத்திருப்பார்கள். அடுத்த ஐந்தாம் தேதி பழைய இ.எம்.ஐ.யும் போகும், புது இ.எம்.ஐ.யும் போகும். காசோலையோடு நீங்களே போய், வித்தியாசத்தை அன்றே கட்டி, ரசீது வாங்குங்கள். தானியங்கிப் பற்றையும் ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

முழுக்க அடைத்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் அவர்களால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது அமலில் உள்ளது. அதைவிட நம்மவர்கள் மறப்பது சார்பதிவாளர் அலுவலக வேலையைத்தான். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யாவிட்டால் வில்லங்கச் சான்றில் பழைய எம்.ஓ.டி. அப்படியே நிற்கும். பத்து வருடம் கழித்து வீட்டை விற்கும்போது, அதற்குள் வேறு நிறுவனத்தோடு இணைந்துபோன பழைய கம்பெனியைத் தேடி அலைய வேண்டியிருக்கும். முடிந்த கையோடு பதிந்து, புது வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பாருங்கள்.

பழைய கடனோடு ஒரே தவணையில் காப்பீடு கட்டியிருந்தால், மீதிக் காலத்துக்கு பிரீமியம் எவ்வளவு திரும்ப வரும் என்றும் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

கேள்வி: பஞ்சாயத்து அப்ரூவல் மனையில் கட்டிய வீடு. ஹவுசிங் ஃபைனான்ஸில் கடன் கிடைத்தது. வங்கி லீகலில் நிராகரித்துவிட்டது. ஏன்?

அந்த நிறுவனம் கூடுதல் வட்டி வாங்கியதற்கே ஒரு காரணம் அதுதான். மனைப் பிரிவுக்கு டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அங்கீகாரம் இல்லை என்றால் பெரும்பாலான வங்கிகள் தொடாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்த 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. உங்கள் மனைக்கு வரன்முறை ஆணை இருந்தால் அதோடு மறுபடி விண்ணப்பியுங்கள். இல்லை என்றால் பல வங்கிகளில் அடுத்தடுத்து விண்ணப்பித்து கிரெடிட் ஸ்கோரைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். பழைய இடத்திலேயே வட்டியைக் குறைக்கப் பேசுங்கள்.

கேள்வி: கடனை மாற்றும்போது கூடவே 5 லட்சம் டாப்-அப் (கூடுதல் கடன்) வாங்கினால் வரிச் சலுகை உண்டா?

பழைய வரி முறையில், பாக்கியை அடைக்க வாங்கிய 30 லட்சத்தின் வட்டிக்கு முன்பு போலவே சலுகை உண்டு. சொந்த வீட்டில் குடியிருந்தால் ஆண்டுக்கு 2 லட்சம் வரை. டாப்-அப் தொகையை வீட்டு வேலைக்குச் செலவழித்து பில் வைத்திருந்தால்தான் அதன் வட்டியைச் சேர்க்கலாம். கல்யாணச் செலவுக்கு என்றால் கிடையாது. புதிய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு இந்தச் சலுகையே இல்லை.

கேள்வி: லோன் ஏஜென்ட் ஒரு சதவீதம் கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். வங்கியின் விற்பனை முகவருக்குக் கமிஷன் கொடுப்பது வங்கி. நீங்கள் கட்டும் பிராசசிங் ஃபீஸ் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். ஏஜென்ட் சொல்லும் வட்டியை நம்பாமல், கையெழுத்துக்கு முன் வங்கி தர வேண்டிய முக்கிய விவரத் தாளைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் புதுக் கடன்களுக்கு அது கட்டாயம். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும்; இரண்டு வங்கிகளை ஒப்பிட அந்த எண்ணைப் பாருங்கள். காப்பீட்டை அதில் நுழைத்திருந்தால், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, திருத்திய தாளை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.