அறுவடைக்குக் கிளம்புகிறேன், மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: ஊர் ஊராகப் போய் அறுவடை வேலை செய்கிறவன் நான். போன வருடம் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, அன்றிலிருந்து தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. அடுத்த மாதம் ஐந்து மாத வேலைக்கு வெளியூர் போகிறோம். எல்லோரும் ஒரே கொட்டகையில்தான் தங்குவோம். மாத்திரை டப்பாவை யாராவது பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். திரும்பி வரும்வரை நிறுத்தி வைக்கலாமா? மேஸ்திரியிடம் சொல்லித்தான் ஆகவேண்டுமா?
- பெயர் வேண்டாம்

பதில்: நிறுத்தாதீர்கள் தம்பி. ஐந்து மாதம் இருக்கட்டும், ஐந்து நாள்கூட வேண்டாம். உடம்பு நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். விட்டால், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் மறுபடி பெருகிவிடும். விட்டு விட்டுச் சாப்பிட்டாலோ, அந்த மருந்துக்கே அடங்காத வைரஸாக அது மாறிவிடக்கூடும். அப்புறம் வேறு மருந்து தேடி அலைய வேண்டியிருக்கும்.

கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மருந்து வாங்கும் மையத்துக்குப் போய், ஐந்து மாதம் ஊரில் இருக்க மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து பலர் இதைச் சொல்வதில்லை. அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது. சிகிச்சையில் நிலையாக இருப்பவர்களுக்கு 3 முதல் 6 மாத மருந்தை ஒரே தடவையில் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அவ்வளவு கொடுக்க வழியில்லை என்றால், போகிற ஊரில் உள்ள மையத்துக்கு மாற்றுக் கடிதம் கேளுங்கள். மருந்துச் சீட்டையும் கடைசி வைரஸ் அளவு பரிசோதனை முடிவையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

டப்பா விஷயத்துக்கு வருவோம். லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு, கிழித்துவிடுங்கள். மாத்திரையைக் காகிதத்தில் மட்டும் மடித்து வைக்காதீர்கள், ஈரம் பட்டால் கெடும். டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் இருந்தால் அதையும் எடுக்க வேண்டாம். தகரக் கூரைக்கு அடியிலோ வண்டியிலோ வைக்காமல், கொட்டகையில் எது குளிர்ந்த இடமோ அங்கே வையுங்கள். யாராவது கேட்டால் சத்து மாத்திரை என்று சொல்லுங்கள். இந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை.

இன்னொன்று. இப்போது பெரும்பாலும் தரப்படும் மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் அதை உடம்பில் சேரவிடாது. எச்.ஐ.வி. மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்து ஆன்டாசிட் குடியுங்கள். ஆன்டாசிட் முதலில் குடித்துவிட்டால் மாத்திரைக்கு 6 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

மேஸ்திரியிடம் சொல்ல எந்த அவசியமும் இல்லை. ஒரே தட்டு, ஒரே கழிப்பறை, வியர்வை, கொசு எதனாலும் இது பரவாது. ஷேவிங் பிளேடை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள், வாங்கவும் வேண்டாம்.

கல்யாணம் ஆனவரா என்று நீங்கள் எழுதவில்லை. ஆனவர் என்றால், தெரிய வேண்டியவர் மனைவிதான். அவருக்கும் பரிசோதனை வேண்டும். உங்கள் வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அவருக்குத் தொற்றாது. ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வின் 2016, 2019 முடிவுகளில், இப்படி வைரஸ் அடங்கிய துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. உங்கள் வைரஸ் அடங்கிவிட்டது என்ற பரிசோதனை முடிவு கையில் வரும்வரை ஆணுறை கட்டாயம். வெளியூரிலும் அதே விதிதான்.

கடைசியாக, காசநோய். நெருக்கமாகத் தங்கும் கொட்டகையில் அது எளிதில் பரவும், எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் பிடிக்கும். இரண்டு வாரம் இருமினால் பாருங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்வார்கள். உங்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது. இருமல், காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு என எது வந்தாலும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், எச்.ஐ.வி. இருப்பதையும் டாக்டரிடம் சொல்லிக் காசநோய்ப் பரிசோதனை கேளுங்கள். அன்றைய கூலி போனால் போகட்டும்.