அண்ணனிடம் நேரடியாகக் கேட்கலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 46 வயது. வேலை போய் ஐந்து மாதங்கள் ஆகின்றன. சரியாக உறங்குவதில்லை, “நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் பாரம் குறையும்” என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். போன வாரம், தான் உயிராக வைத்திருந்த கேமராவை என் மகனிடம் கொடுத்துவிட்டார். இரண்டு நாட்களாக மட்டும் மிகவும் அமைதியாக இருக்கிறார். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால், இல்லாத நினைப்பை நானே ஊட்டியதாகிவிடுமோ?

பதில்: ஆகாது. இன்றே கேளுங்கள். தற்கொலையைப் பற்றி வாய்விட்டுக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. மனத்துக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்ததை ஒருவரிடமாவது சொல்ல முடிந்ததே என்ற ஆறுதலே பலருக்கும் கிடைக்கிறது.

நீங்கள் எழுதியவற்றில் கேமராவும் அந்த அமைதியுமே எனக்கு அதிகக் கவலை தருகின்றன. வேலையும் கிடைக்காமல், உறக்கமும் திரும்பாமல், மனம் மட்டும் திடீரென்று அடங்கிவிட்டது என்றால், அது தேறிவருவதன் அடையாளமாக இல்லாமல், முடிவெடுத்துவிட்டதால் உள்ளே நடந்த போராட்டம் ஓய்ந்த நிலையாகவும் இருக்கக்கூடும். முன்பு ஒருமுறை முயன்றிருந்தாலோ, அண்மையில் குடி கூடியிருந்தாலோ ஆபத்து இன்னும் அதிகம்.

கேட்கும் விதம் முக்கியம். “அப்படியெல்லாம் நினைக்கவில்லைதானே?” என்பது “இல்லை” என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுக்கும் கேள்வி, நம் பயத்தைத் தணித்துக்கொள்வதற்குத்தான் அது உதவும். தனிமையில் அமர்ந்து, “அண்ணா, நீங்கள் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கவலையாக இருக்கிறது. தற்கொலை செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறதா?” என்று கேளுங்கள். ஆம் என்றால் அதிராமல், அறிவுரை சொல்லாமல், பிள்ளைகளை நினைத்துப் பார்க்கச் சொல்லிக் குற்றவுணர்வைக் கூட்டாமல் கேட்டுக்கொண்டிருங்கள். எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்பதையும் கேட்க வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

திட்டம் இருப்பதாகத் தெரிந்தால் அவரைத் தனியே விடாமல், அவசர உதவி எண்ணை அழையுங்கள் அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். திட்டம் இல்லாவிட்டாலும், ஓரிரு நாட்களுக்குள் மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்து, நீங்களும் கூடவே போங்கள்.

அதற்கிடையில், வீட்டிலுள்ள மாத்திரைகள், பூச்சிமருந்து போன்ற ஆபத்தான பொருட்களை அவர் கைக்கு எட்டாதபடி வீட்டைவிட்டே அகற்றிவிடுங்கள். தடுத்தால் வேறு வழி தேடிக்கொள்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் உண்மையல்ல. தற்கொலை உந்துதலின் உச்சம் பல வேளைகளில் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான் நீடிக்கிறது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் உயிர் தப்புகிறது. கொடிய நச்சுப் பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த இலங்கையில், 1995 முதல் 2005 வரையிலான பத்தாண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

சிகிச்சை தொடங்கியதும் கவனம் தளரக் கூடாது. மனச்சோர்வுக்கான மருந்துகள் பலனளிக்கச் சில வாரங்கள் ஆகும். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் மிகவும் ஆபத்தானவை. அமெரிக்காவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், தொடர் சிகிச்சையை மறுத்தவர்களுக்கு, பதிலை எதிர்பார்க்காத சில வரிக் கடிதங்களை அவ்வப்போது அனுப்பச் செய்தார். கடிதம் பெற்றவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலை மரணங்கள் குறைவாக இருந்தன. உங்களுக்குக் கடிதம்கூட வேண்டாம், தினமும் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

ஒருவேளை இன்று அவர் “இல்லை” என்றே சொல்லலாம். அப்போதும் மருத்துவரைப் பார்க்கும் ஏற்பாட்டைக் கைவிடாதீர்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள்.