அகழான் எலி வயிற்றில் ஆர்சனிக்: கேள்வி பதில்

யாழ்ப்பாணம் உரும்பிராயில் தோட்டம் செய்யும் ஒருவர்: அண்ணை, வெங்காயப் பாத்திக்குள்ள ரண்டு அகழான் செத்துக் கிடந்தது. மண்ணிலை ஆர்சனிக் ஏறிட்டுது எண்டு ஒருத்தர் பயப்படுத்துறார். உண்மையோ?

ஒரே விடியலில் இரண்டு செத்துக் கிடந்தால், பக்கத்துக் காணிக்காரர் இரவு என்ன வைத்தவர் என்றுதான் முதலில் விசாரிப்பேன். அந்தக் காலத்து எலிப் பாஷாணம் வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக் ஒக்சைட். இப்போது வைப்பது பெரும்பாலும் சிங்க் பொஸ்பைட் என்ற கரும்பொடி, இல்லாவிட்டால் இரத்தத்தை உறையவிடாத மருந்துக்கட்டி. மண்ணிலுள்ள ஆர்சனிக் இப்படி ஒரே இரவில் சோடியாகக் கொல்லாது.

கொக்குவில் உயர்தர மாணவி: சேர், அப்ப காட்டெலி, மூஞ்சூறு உடம்புக்குள்ள ஆர்சனிக் எப்பிடிப் போகுது? சாப்பாட்டாலையோ?

சாப்பாட்டோடு ஒட்டிவரும் மண்ணால் என்பதுதான் சரி. ஒரு மண்புழுவைக் கீறிப் பாருங்கோ, குடல் முழுக்க மண்தான். மூஞ்சூறு புழுவைத் தின்கிறபோது அந்த மண்ணையும் சேர்த்துத்தான் விழுங்குகிறது. எலி வளை தோண்டிவிட்டு மயிரை நக்கித் துப்பரவாக்கும். அதிலும் மண் உள்ளே போகும். கொய்யாப்பழம் கொறிக்கிற அணிலுக்கு இந்தக் கரைச்சல் குறைவு.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் கிரேட் கொன்சோல்ஸ் என்றொரு செப்புச் சுரங்கம் 1844 இல் தொடங்கியது. செம்பு குறையக் குறைய ஆர்சனிக்கையே எடுத்து விற்றார்கள். மூடி எத்தனையோ காலம் போயும் அந்தப் பக்கத்துப் பழைய சுரங்க நிலங்களில் பிடித்த எலிகளின் வயிற்றில் ஆர்சனிக் இருந்தது. கனடாவில் யெலோநைஃப் நகருக்குப் பக்கத்துத் தங்கச் சுரங்கம் இன்னும் மோசம். நிலத்துக்கடியில் 2,37,000 தொன் ஆர்சனிக் தூள் கிடக்கிறது, சுற்றியுள்ள முயல்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள். எங்கடை செம்மண்ணில் அப்படிச் சுரங்கம் ஒன்றும் இருந்ததில்லை.

அதே மாணவி: எலி இரத்தத்தை அளந்து மண்ணைப் பற்றிச் சொல்லலாமோ? செயற்றிட்டத்துக்குக் கேக்கிறன்.

நல்ல யோசனைதான், ஆனால் எலியே உங்களை ஏமாற்றிவிடும். மனிதனுக்குள் போகும் ஆர்சனிக்கில் பெரும்பகுதி சில நாட்களில் சிறுநீரோடு போய்விடும். எலியின் ஈமோகுளோபினோ அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செங்குழியம் அழியும்வரை விடாது. சுண்டெலிக்குக்கூட இந்தக் குணம் இல்லை. அதனால் எலி இரத்தத்தில் கூடின கணக்கு வந்தால் மண் கெட்டது என்று எழுதிவிடாதேங்கோ. மண்ணையும் இரைப்பையில் உள்ளதையும் அளவுங்கோ, மயிரைக் கழுவிய பிறகு அளவுங்கோ.

இன்னொன்று, எலியை வெறுங்கையால் தொடவே கூடாது. 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் ஆட்களைக் கொண்டுபோனது மறந்துபோச்சோ? ஆர்சனிக்கைவிட அதுக்குத்தான் நான் பயப்படுவேன்.

நல்லூர் வாசகி: எங்கடை பூனை எலி பிடிச்சுத் தின்னுது. நஞ்சு அதுக்கும் ஏறாதோ?

பாதரசம் மீனுக்கு மீன் கூடிக்கொண்டு போவதுபோல ஆர்சனிக் மேலே மேலே ஏறாது. பூனைக்கு ஆபத்து நான் முதலில் சொன்ன மருந்துக்கட்டியில்தான். அதைத் தின்ற எலியைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் உள்ளுக்குள் இரத்தம் கசியும். பல் முரசு வெளிறினால் மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கோ. விற்றமின் கே கொடுப்பார்கள்.

குருநகர் வாசகர்: கணவாயிலை ஆர்சனிக் இருக்காம். விடுறதோ?

தின்னுங்கோ. கடலுணவில் இருப்பது பெரும்பாலும் ஆர்சனோபீற்றெயின் என்ற தீங்கற்ற ஆர்சனிக் வகை, உடம்பில் தங்காமல் வெளியேறிவிடும். மொத்த ஆர்சனிக் என்று மட்டும் போட்ட அறிக்கையை நம்பிப் பதறக் கூடாது. சோறு வேறு கதை: தண்ணீர் நிற்கிற வயலில் நெல் ஆர்சனிக்கை நன்றாக உறிஞ்சும். நிறையத் தண்ணீர் விட்டுக் கஞ்சி வடித்தால் குறையும். குக்கர் வந்த பிறகு அதை ஆர் செய்கிறார்கள்?

கோப்பாய் வாசகர்: கிணத்துத் தண்ணியை என்னத்துக்குச் சோதிக்கிறது?

முதலில் நைத்திரேற்று. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. பசளையும் மலக்குழியும் சுண்ணக்கல் வெடிப்பால் நேரே கீழே இறங்குகிற மண் இது. ஆர்சனிக்கையும் பார்க்கலாம், உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 10 மைக்ரோகிராம்.

உரும்பிராய்க்காரர் திரும்பவும்: அப்ப செத்த அகழானை என்ன செய்யிறது?

கையுறை போட்டு, முகத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு எடுங்கோ. பொஸ்பைட் தின்றதென்றால் வயிற்றிலிருந்து நச்சு வாயு வரும். கிணற்றுக்குத் தூரமாக, நாய் கிண்டாத ஆழத்தில் தாழுங்கோ. வாய்க்காலுக்குள் மட்டும் எறிந்துவிடாதேங்கோ.