டாக்டர் வந்தார், நர்ஸ் வந்தாள்: கதைமொழியில் ஆணும் பெண்ணும்

மாத நாவல்களுக்கும் வார இதழ்த் தொடர்களுக்கும் நெடுங்காலமாக மெய்ப்புப் பார்த்துவருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: ஆண் என்றால் ‘அவர்’, பெண் என்றால் ‘அவள்’. இது இலக்கணமா?

இல்லை. மரியாதைக்கு வரும் ‘ஆர்’ விகுதி ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை, எழுதுகிறவர்தான் பார்க்கிறார். ஒரு நாவலில், “டாக்டர் உள்ளே வந்தார். பின்னாலேயே நர்ஸ் வந்தாள்” என்றிருந்தது. டாக்டருக்கு முப்பது வயது, நர்ஸுக்கு ஐம்பது! அதே கதையில் இன்னொரு டாக்டர், பெண். மருத்துவமனையில் ‘வந்தார்’, வீட்டுக்குப் போய்ச் சமையலறைக்குள் நுழைந்ததும் ‘வந்தாள்’. ஆசிரியரிடம் காட்டினேன். தான் அப்படி எழுதியதே அவருக்குத் தெரியவில்லை.

கேள்வி: எல்லோரையும் ‘அவர்’ ஆக்கிவிடலாமா?

வேண்டாம். ‘அவள்’ என்பதில் நெருக்கமும் உண்டு. கதை யாருடைய மனத்துக்குள் நடக்கிறதோ அவளை ‘அவர்’ என்றால் வாசகர் விலகி நிற்பார். கணவன் ‘அவர்’, மனைவி ‘அவள்’ என்னும் ஜோடிதான் எனக்கு உறுத்துகிறது. அவள் என்றால் அவன், அவ்வளவுதான்.

கேள்வி: துப்பறியும் கதையில் கொலையாளி ஆணா பெண்ணா என்பதை வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடுமே?

படர்க்கையில்தான் அந்தச் சிக்கல். தன்மை, முன்னிலை வினைகளுக்குத் தமிழில் பால் வேறுபாடு கிடையாது: வந்தேன், வந்தாய். இந்தியில் ‘நான் வந்தேன்’ என்றாலே தெரிந்துவிடும். தமிழிலோ, கொலையாளியே கதை சொன்னால் கடைசிப் பக்கம்வரை மறைக்கலாம். நம் எழுத்தாளர்கள் பிடித்துக்கொண்ட இன்னொரு வழி ‘உருவம்’: “இருட்டில் ஓர் உருவம் சுவரேறிக் குதித்தது.” அஃறிணைக்கு மாற்றியதும் ரகசியம் பத்திரம். ஆனாலும் அந்த உருவத்துக்கு நான் மனத்துக்குள் மீசை வைத்துத்தான் படித்திருக்கிறேன்.

கேள்வி: பெண் பேசினால் ‘சிணுங்கினாள்’, ஆண் பேசினால் ‘கர்ஜித்தான்’ என்று எழுதுகிறார்களே?

‘என்றாள்’, ‘என்றான்’ போதும்.

கேள்வி: ‘விதவை’க்கு ஆண்பால் சொல்லே இல்லையா?

‘தபுதாரன்’ இருக்கிறது, வழக்கில்தான் இல்லை. தொல்காப்பியப் புறத்திணையியல், மனைவியை இழந்தவனின் ‘தபுதார நிலை’யையும் கணவனை இழந்தவளின் ‘தாபத நிலை’யையும் சொல்கிறது. இன்றைய கதைகளில் அவர் ‘மனைவியை இழந்தவர்’. அது அவருக்கு நேர்ந்த துயரம். அவளோ ‘விதவை’, அதுவே அவள் அடையாளம். ஒரு பாத்திரம் முதல் வரியிலேயே ‘இளம் விதவை’ என்று அறிமுகமானால், “இவர் என்ன வேலை செய்கிறார்?” என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.